பனியில் இறங்காத கோடு

உறைபனியில் கருகிய உருளைக்கிழங்குச் செடியைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு எமரால்டு கிராமத்து விவசாயி கந்தன் மாடிப்படி ஏறி வந்தபோது, குமாரசாமி அதைக் கீரைக்கட்டு என்று நினைத்து விலை கேட்டுவிட்டார். துப்பறிகிறவரின் உதவியாளருக்கு இது நல்ல தொடக்கம் அல்ல.

ஊட்டியில் பேக்கரிக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையை ‘துப்பறியும் அலுவலகம்’ என்று அழைத்தவரும் அவர் ஒருவர்தான். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பூதக்கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தார். அறைக்குச் சொந்தக்காரர் ஜெஸிந்தா, கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். மழை, வெயில், காய்ச்சல், காய்கறி விலை என்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கும் கணக்குகளை எடுத்து கிராஃப் போட்டு, ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்பது அவர் வேலை. பூதக்கண்ணாடிக்கு அதில் இடமில்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“எமரால்டுல எல்லாத்து கெழங்குக் காடும் கருகிருச்சுங்க மேடம்,” என்றான் கந்தன். “பூஜ்யத்துக்குக் கீழ போனாத்தான் இன்சூரன்ஸ் தருவாங்களாம். காடு கருகின ராத்திரி பஞ்சாயத்து இடத்துல நிக்கற வானிலைப் பொட்டி எட்டு டிகிரிக்குக் கீழயே போகலைங்கறாங்க. பணம் வரலீன்னா இந்த வருஷம் விதைக்கெழங்கு வாங்க வழியில்லீங்க. காட்டைக் குத்தகைக்கு உட்டுட்டுத் திருப்பூருக்குத்தான் போகோணும்.”

“யார் எடுத்துக்கிட்டு வந்த பாலிசி?” என்று கேட்டார் ஜெஸிந்தா.

“ஏஜென்ட் பாலனுங்க. குன்னூர்க்காரரு.”

“குற்றவாளி அவனேதான்,” என்றார் குமாரசாமி.

ஜெஸிந்தா கணினியைத் திறந்தார். அக்கம்பக்கத்து நிலையங்களின் கோடுகள் எல்லாம் இரவில் சரிந்தன; செடி கருகிய இரவில் பூஜ்யத்துக்கும் கீழே போயின. எமரால்டின் கோடு மட்டும் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே, இறங்க மனமில்லாதது போல் நின்றது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் மட்டும், பூஜ்யம் வரை போகாவிட்டாலும், அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து விழுந்தது.

“இதைப் பாருங்க. விடிஞ்சா சூடு ஏறணும். இங்க விடிஞ்சதும் சட்டுனு இறங்குது, அப்புறம்தான் ஏறுது.”

“மெஷின் ரிப்பேரு அம்மணி.”

“ரிப்பேருக்கு சனிக்கிழமை லீவு கிடையாதே, சார்.”

மறுநாள் எமரால்டுக்குப் போனார்கள். பஞ்சாயத்து இடத்தின் மூலையில், சாந்தாமணி என்பவரின் வீட்டு வேலியை ஒட்டி அந்த வெள்ளைப் பெட்டி நின்றது. குமாரசாமி பூதக்கண்ணாடியோடு அதன் அடியில் ஊர்ந்தார். தடயம் ஒன்றும் இல்லை என்று எழுந்து நின்றவரின் மஃப்ளரைப் பார்த்துக் கந்தன் சிரித்துவிட்டான். ஒரு முனை முழுக்கக் கரி.

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. “கந்தன், ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை ராத்திரி இந்தப் பக்கம் யார் இருக்க மாட்டாங்க?”

“எல்லாரும் இருப்போமுங்க. சாந்தாமணியக்கா மட்டும் மேட்டுப்பாளையம் போயிரும். ஊட்டுக்காரரு இசக்கிமுத்து அண்ணனுக்கு மூச்சிரைப்பு. குளிரு ஆகாதுன்னு அங்க அவரு தங்கச்சி வீட்டுல இருக்காரு.”

மாலையில் சாந்தாமணியின் வீட்டிலேயே எல்லோரையும் கூட்டினார்கள். குற்றவாளிக்கென்று குமாரசாமி நடுவில் போட்ட நாற்காலியில், விவரம் தெரியாமல் பாலன் சௌகரியமாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

“பாலனுக்கு இதில் லாபம் இல்லை,” என்றார் ஜெஸிந்தா. “பணம் வரலைன்னா அடுத்த வருஷம் இவர்கிட்ட யாரும் பாலிசி எடுக்க மாட்டாங்க. கம்பெனி ஆள் செஞ்சிருந்தா தினமும் செய்வாங்க, லீவு விடமாட்டாங்க. ராத்திரி பெட்டிக்கு அடியில கரி போட்ட கணப்புச் சட்டி வெச்சு, மேல சாக்கு மூடி, விடிஞ்சதும் எடுக்கறது பக்கத்துல குடியிருக்கறவங்களாலதான் முடியும். அவங்க ஊர்ல இல்லாத ராத்திரி மட்டும் கோடு நிஜம் பேசுது.”

பாலன் மெதுவாக அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, நீயா?” என்றான் கந்தன். “எங்க கெழங்கு உனக்கு என்ன பண்ணுச்சு?”

சாந்தாமணி முந்தானையைச் சுருட்டினார். “உன் கெழங்க நான் நெனைக்கவே இல்ல சாமி. அவரு தெனமும் காலைல போன்ல இந்தக் கோட்டத்தான் பார்ப்பாரு. எட்டுக்குக் கீழ போகாம ஒரு வாரம் இருந்தா வர்றேன்னாரு. கார்த்திகையில இருந்து வெக்கிறேன். ஒவ்வொரு தடவையும், ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ங்கறாரு.”

“வந்திருந்தா?” என்று கேட்டார் ஜெஸிந்தா. “இந்தக் குளிர்ல?”

“ஊட்டுக்குள்ளயும் நெருப்பு வெச்சிருப்பேன்.”

குமாரசாமி கரி படிந்த மஃப்ளர் முனையை மடியில் மறைத்துக்கொண்டார். கந்தனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது; எழுந்து போய் அணைந்திருந்த அடுப்பை ஊதினான்.

“அக்கம்பக்கத்துக் கிராஃபோட உங்க வாக்குமூலமும் இருந்தா மறுபடி பரிசீலிப்பாங்க,” என்றார் பாலன்.

“எழுதித் தாரேன். வந்து... ஊருக்கு நெசக் கோடும், அவருக்கு மட்டும் பழைய கோடும் காட்ட முடியாதுங்களா மேடம்?”

“எல்லாருக்கும் ஒரே கோடுதான் அக்கா,” என்றார் ஜெஸிந்தா. அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றிரவு சட்டி வைக்கவில்லை. விடியலில் புகைப்படம் எடுக்க அவர்கள் வந்தபோது புல்வெளி உப்புக் கொட்டியது போல் வெளுத்திருந்தது. கோடு பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. ஒப்பமிட்ட தாளைச் சாந்தாமணி கந்தனிடம் கொடுத்துக்கொண்டிருக்கையில் அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் தாள் இருந்ததால் விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“சாந்தா, உடம்புக்கு என்ன? கோடு விழுந்து கெடக்கே. ராத்திரி நெருப்பு வெக்கலியா நீ?”

சாந்தாமணி வேலியைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்குத் தெரியுமா?”

“தை மாசக் குளிர்ல எமரால்டு எட்டு டிகிரியாக்கும்? வெடிஞ்சதும் அந்தக் கோட்டைப் பார்த்தாத்தான் எனக்கு டீயே எறங்குது.”

“அப்புறம் ஏன் இத்தன நாளா ஒண்ணும் சொல்லல?”

மூச்சிரைப்புக்கு நடுவே பதில் வந்தது.

“சொன்னா நிறுத்திருவியே.”