காசாம்புவுக்குப் பத்துப் பேர்

பதினொரு மணிக் காட்சிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிளக்ஸ் கடை. இசைவாணி அதன் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்தாள்.

சுவரில் அவளே இருந்தாள்.

ஆறு வயது. இரட்டைச் சடை. முன்பல் இரண்டு இல்லை. தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. இருபுறமும் அச்சடித்த குத்துவிளக்கு. ஓரத்தில் யாரோ ஒரு சாமந்தியைச் செருகியிருந்தார்கள். வாடாத பூ... இன்று வைத்தது.

“இதைக் கழட்டுங்க,” என்றாள்.

கணினிக்கு முன்னால் இருந்தவன் எழுந்து வந்தான். முப்பது இருக்காது. விரல்களில் நீல மை. அவசரமில்லாத கண்கள்.

“இன்னாங்க?”

“இந்தப் படத்தைக் கழட்டுங்கன்னேன்.”

“அது சாம்பிளுங்க. இந்த மாரி அடிச்சுத் தருவோம்னு காட்டறதுக்கு. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே மாட்டினது.”

“பூ?”

“நான்தான் வெப்பேன். யார் பெத்த புள்ளையோ...” அவன் குரல் சற்று இறுகியது. “மழைக்கு ஒதுங்குங்க. செத்த கொழந்தயக் கழட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அது சாகல. உங்க எதிர்லதான் நிக்குது.”

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தை... பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அதை இறக்கினான். பூ கீழே விழுந்தது.

“நிஜமாவே தெரியாதா?” என்றாள். “சினிமாவுல செத்துப்போற அல்லிமுத்து. ஊரே அழுதது.”

“எனக்குக் கரியாலூருங்க. மலையில எங்க வூட்டுக்கு டிவி வந்தப்ப நான் பத்தாவது. சாவுற படம்னா அம்மா பாக்க வுடாது.” அவள் முகத்திலிருந்து அவன் பார்வை விலகவில்லை. “ஆனா உங்கள எனக்குத் தெரியும். நீங்க காசாம்பு.”

இசைவாணி துப்பட்டா நுனியைப் பிழிந்தாள்.

சொந்த ஊரான எலவனாசூர்கோட்டையில் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த குழந்தையை ஓர் இயக்குநர் பார்த்தார். அதுதான் தொடக்கம். பதினொரு வயதுவரை ஆறு படங்கள். பிறகு உயரம் கூடியது. யாரும் கூப்பிடவில்லை. இப்போது இருபத்து நான்கு. போன வெள்ளிக்கிழமை, முதல்முறையாகப் பெரிய பெண்ணாக நடித்த படம் வந்தது. ஜவ்வரிசி மில்லில் கூலி வேலை செய்யும் காசாம்பு. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த முகத்தில் அல்லிமுத்துவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்கள்.

நாளை வெள்ளி. வேறு படம் வந்துவிடும். அப்பா காலையில் சொன்னார்: “போய் ஜனத்தோட ஒக்காந்து பாரு. ஒன்ன ஏத்துக்கலன்னா வூட்டுக்கு வந்துடு. இதோட போதும்.” அவள் சரியென்றிருந்தாள்.

“மூணு தடவ பாத்துட்டேங்க,” என்றான் அவன்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள். “எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது. ஆனா மரவள்ளிக் கெழங்கு தோல் சீவுற எடம் மட்டும் நம்பல. கத்திய அப்படிப் புடிச்சா பொழுதுக்கும் ஒரு மூட்ட தாண்டாது. எங்கம்மா மேஸ்திரியா இருந்தா கூலியக் கம்மி பண்ணிடும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்குவதை அவன் பார்த்துவிடுவானோ என்று படியிறங்கினாள்.

“மழ ஜாஸ்தியா இருக்குதுங்க...”

அவள் திரும்பவில்லை.

தியேட்டரில் சீட்டு கொடுப்பவர் கொட்டாவி விட்டார். “ஒன்னோட சேத்து ஆறு பேரும்மா. பத்து சேரலன்னா ஓட்ட மாட்டோம். பணத்த வாங்கிக்கினு போயிடு.”

அவருக்குப் பின்னால் சுவரொட்டியில் அவள் முகம் இருந்தது. நான்தான் அது என்று சொல்லலாம். சொன்னால் ஓட்டுவார்கள்... துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம்.

வாசலில் சத்தம். நான்கு பேர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்கள். முன்னால் பிளக்ஸ் கடைக்காரன். அவனோடு அச்சு ஓட்டும் கலையரசன். டீக்கடை தீனதயாளன். கூடையோடு பூக்கார அம்சவள்ளி.

“பால எறக்கி வெச்சுட்டு வந்திருக்கேன் தம்பி,” என்றார் தீனதயாளன். “படம் மொக்கையா இருந்துதுன்னா, நாளைக்கு ஒனக்கு டீ கெடயாது.”

“என் பூவ யாரு பாத்துக்கினு இருப்பா?” என்றாள் அம்சவள்ளி. “அதான் கூடையோட வந்துட்டேன்.”

இசைவாணி பிளக்ஸ் கடைக்காரனை மறித்தாள். “பரிதாபப்பட்டு ஆள் புடிச்சிக்கினு வந்தீங்களா?”

“இல்லீங்க.”

“வேற எதுக்கு?”

“நேத்தும் ஆறு பேருதான். முந்தாநாளு அஞ்சு. ரெண்டு நாளும் நான்தான் கூட்டிக்கினு வந்து பத்தாக்கினேன்.” நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்தான். “அப்ப உங்கள நேர்ல பாத்ததுகூட இல்லியே.”

மணி அடித்தது.

அவன் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தான். இருட்டில் அவள் திரையைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தாள். முதல் பாதியில் தீனதயாளன் இருமுறை செல்போனை எடுத்தார். இடைவேளைக்குப் பிறகு எடுக்கவில்லை. புருஷன் துரத்திவிட்ட காசாம்பு மில் வாசலில் வந்து நின்றாள். வசனம் கிடையாது. அழவும் மாட்டாள். கதவு திறக்கும் வரை நிற்பாள், அவ்வளவுதான். முன்வரிசையில் அம்சவள்ளி வாய்விட்டு, “அடப் பாவி...” என்றாள்.

விளக்குகள் எரிந்தன. வெளியே வந்த அம்சவள்ளி இசைவாணியைக் கடந்தாள். நின்றாள். திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீதானா அது?”

அடுத்து வரும் சொல் இசைவாணிக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அதே சொல். அல்லிமுத்து... காத்திருந்தாள்.

“அவங்கிட்ட திரும்பிப் போவாத,” என்றாள் அம்சவள்ளி. “ஒனக்கு வேல தெரியும். கை காலு இருக்குது. பொழச்சுக்குவ தாயி.”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இசைவாணி சுவரில் சாய்ந்தாள். செல்போன் அடித்தது. அப்பா.

“இன்னாம்மா, ஜனம் இன்னா சொல்லுது?”

“பத்துப் பேர் இருந்தாங்கப்பா.”

“மொத்தமே பத்தா...”

“பத்துதான். நான் நடிக்கப் போறேம்பா.”

அந்தப் பக்கம் அப்பா செருமினார். “சாப்ட்டுட்டு வண்டி ஏறு,” என்றார். வைத்துவிட்டார்.

தூறல் மட்டும் மீதியிருந்தது. அவளும் பிளக்ஸ் கடைக்காரனும் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி.

“நான் அப்படிக் கொற சொல்லியிருக்கக் கூடாதுங்க,” என்றான்.

“சொன்னதுதான் சரி. காசாம்புவ ஒரு பொம்பளையா நெனச்சுக் கொற சொன்னது நீங்க ஒருத்தர்தான்.” சற்று நடந்தாள். “உங்க பேருகூடக் கேக்கல.”

“தமிழழகன்.”

“பேரு வெச்சவங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்தது. இப்போது அவள் சிரித்தாள்.

அவள் ஊர் வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்றான். இமைகளில் மழைத்துளி.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள். “தினம் தினம் எதுக்கு ஆள் சேத்தீங்க?”

“மொத நாளு சாயங்கால ஆட்டத்துக்குச் சும்மாதான் போனேன். அந்த மில் வாசல் எடம் வந்தது. நீங்க அப்படியே நின்னீங்க... கடைசி பஸ்ஸ வுட்டுட்டேன். மலைக்குப் போவவே தோணல. மறுநாளும் உங்களப் பாக்கணும்னா பத்துப் பேர் வேணும்னாங்க.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. தமிழழகன் கூடவே நடந்தான். வேகமாக நடந்தான்.

“நாளைக்குப் படத்த எடுத்துடுவாங்க... அப்புறம் நான் உங்கள எங்க பாக்கறது?”