கழுவிக் கொடுத்த கிளாஸ்

மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. நடுக்கடலில் மழை வந்தால் ஒதுங்க மரம் ஏது, வாசல் ஏது... அவளுக்கு அகப்பட்டது பழரசக் கவுன்ட்டரின் கூரை. சொட்டச் சொட்டப் போய் நின்றாள். நின்ற பாவத்துக்கு, அங்கே இருந்த ஒரே பழமான அன்னாசியில் ஒரு ஜூஸ் கேட்டாள்.

கவுன்ட்டருக்குள் இருந்தவன் நிமிர்ந்தான். கண்கள் அப்படியொன்றும் பெரிய கண்கள் இல்லை. ஆனால் இடது கண்ணுக்கு மேலே இருந்த அந்தப் புருவம்... அது மட்டும் தனியாக ஏறி இறங்கியது. தனக்கென்று சொந்தமாக ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கும் புருவம்.

"சாதா கிளாஸ்ல கொடுக்கட்டுமா மேடம்?" என்றான், குரலைத் தாழ்த்தி.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லோர் கையிலும் இடை சிறுத்த உயரமான கண்ணாடி கிளாஸ். நீல நிறத்தில் கப்பல் படம் வேறு. அவர்களில் ஒருவரையும் அவன் இப்படிக் கேட்கவில்லை. கேட்காமலே அழகான கிளாஸில் ஊற்றி நீட்டினான். இவளைப் பார்த்ததும்தான் சாதா ஞாபகம் வந்ததாக்கும்...

"ஏன், என்னைப் பார்த்தா கிளாஸை உடைக்கிறவ மாதிரி இருக்கா?"

"அதுக்கில்ல மேடம்..."

"எல்லாருக்கும் எதுல கொடுக்கறீங்களோ, எனக்கும் அதுலயே கொடுங்க."

புருவம் ஒருமுறை ஏறி, ஏதோ சொல்ல நினைத்து, சொல்லாமல் இறங்கியது. அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தில் சுருக்கென்றதா, வேறெதிலாவதா என்று அப்போது அவளைக் கேட்டிருந்தால் அடிக்கவே வந்திருப்பாள்.

உடைக்கிறவளா... அவளா? கண்ணாடிப் பாத்திரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள். விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவள் அப்பாவுடையது. அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு கடையை நடத்துவதே அவள்தான். அந்தக் கடையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், கையில் கொடுத்த டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். அடியில் அடையாளம் இருந்தால் அது அடையாளக்காரர் சொத்து. கழுவித் துடைத்து அவரிடம் சேர்த்தாக வேண்டும்.

அன்று அந்த கிளாஸையும் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கப்பலின் பெயர் அழுத்தமாகப் பொறித்திருந்தது. சரி, கப்பல்காரன் சொத்து. அதற்குள் கூட வந்திருந்த அக்கா கூப்பிட்டுவிட்டதால் கையோடு அறைக்குக் கொண்டுபோனாள். கழுவினாள், துடைத்தாள், சாயங்காலம் கொண்டுவந்து கவுன்ட்டர்மேல் கவிழ்த்து வைத்தாள்.

அவன் கிளாஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இது உங்ககிட்டயே இருக்கட்டுமே மேடம்..."

"அடுத்தவங்க பொருள் எனக்கெதுக்கு?"

அவன் வாயைத் திறந்தான். தூண் ஓரமாக சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறையில் உட்கார்ந்தால் தளத்துக்குப் போகத் தோன்றியது. தளத்துக்குப் போனால் அறையில் எதையோ மறந்துவிட்டதாகத் தோன்றியது. காலுக்கடியில் கப்பல் லேசாக ஆடிக்கொண்டே இருந்ததால் அதன்மேல் பழியைப் போட்டாள். காலையில் ஒரு அன்னாசி ஜூஸ், சாயங்காலம் ஒரு அன்னாசி ஜூஸ். ஒவ்வொரு தடவையும் அவன் அதே கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் வீம்பாகத் தலையாட்டினாள். கேலிக்குத்தான் கேட்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். வேலையாட்கள் அவனை "ஊமை" என்று கூப்பிடுவதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. இந்த ஊமைக்கு என்னிடம் மட்டும் வாய் எங்கிருந்து முளைக்கிறது...

ஒருநாள் அவள் திருப்பி வைத்த கிளாஸை அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எங்கள் ஆட்கள்கூட இவ்வளவு சுத்தமாகக் கழுவ மாட்டார்கள் என்றான். கடையில் ஆள் தேவைப்பட்டால் சொல்லியனுப்புகிறேன் என்றாள் அவள். அவன் சிரித்தான். சிரித்தபோது அந்தப் புருவம் எங்கே போய் நின்றது தெரியுமா... அதை நினைத்துக்கொண்டே அன்று அவள் தன் அறை இருந்த நடைவழியைத் தாண்டிப் போய்விட்டாள்.

பயணம் முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது கதவுக்கடியில் பில் வந்து விழுந்தது.

அதை எடுத்தவர் மாமா. அக்காவின் வீட்டுக்காரர். எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தவர் அவர்தான், அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அவள் குடித்த ஒவ்வொரு ஜூஸுக்கும் கீழே, ஜூஸைவிடக் கூடுதல் விலையில், 'நினைவுப் பரிசு கிளாஸ்' என்று ஒரு வரி இருந்தது.

இத்தனை கிளாஸ் வாங்கி எங்கே வைத்திருக்கிறாய் என்று மாமா கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றாள். எல்லாவற்றையும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்... மாமா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "உன் தங்கச்சி காசு கொடுத்து வாங்கின பொருளைக் கழுவித் துடைச்சு கடைக்காரனுக்கே திருப்பிக் கொடுத்திருக்கா. இவதான் உங்க அப்பா கடையைப் பாத்துக்கறவ."

அவளைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். கடையைச் சொன்னதும் பொறுக்கவில்லை. படியேறிய வேகத்தில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நேரே கவுன்ட்டர் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் போனாள். இவர் மறைத்தார், கிளாஸுக்குத் தனிக் காசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் திருப்பிக் கொடுத்ததையும் வாங்கி வைத்துக்கொண்டார் என்று கொட்டித் தீர்த்தாள். சூப்பர்வைசர் ரொம்பப் பணிவாக மன்னிப்புக் கேட்டார். பில்லிலிருந்து கிளாஸ் காசை எடுத்துவிடுவதாகவும், அதை இவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அவன் ஏதாவது பேசுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், பாத்திரம் கழுவும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான்.

ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் ஏன் அவன் இறங்கிப் போன படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்...

மறுநாள் காலை அறையைப் பெருக்க வந்த அம்மாள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வாய் விட்டு சாதா கிளாஸ் கேட்டால் ஒழிய, படம் போட்ட கிளாஸில்தான் ஊற்ற வேண்டும். அதுதான் கப்பலின் உத்தரவு. காசைப் பற்றி, கேட்டால்தான் சொல்லலாம். கேட்காமல் சொன்னால் அடுத்த பயணத்தில் வேலை இல்லை. திரும்பி வரும் கிளாஸ்கள் மறுபடி அலமாரிக்குப் போய், மறுபடி விற்கும்.

"அந்தப் பையன் உங்ககிட்ட சாதா வேணுமான்னு கேட்டதே தப்புதான் கண்ணு. தப்பித்தவறி அது சூப்பர்வைசர் காதுல விழுந்தா அவ்வளவுதான். இப்ப மட்டும் என்ன... இந்த முறை இறங்கினா திரும்ப ஏத்த மாட்டாங்களாம். அடுத்த பயணத்து வேலைக்குக் கையெழுத்து வாங்கறது இன்னிக்கு மத்தியானம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். கடல் அவளைவிட நிம்மதியில்லாமல் புரண்டுகொண்டிருந்தது. தப்பிக்க வழிகாட்டியவனைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த உண்மையே அவனுக்கு வினை. சாதா கிளாஸ் வேண்டுமா என்று கேட்டான் என்று சொன்னால் உத்தரவை மீறியவன் ஆவான். சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரனாகவே இறங்குவான். மேல்தளம், நடைவழி, மறுபடி மேல்தளம் என்று நடந்தாள். கீழ்த்தளத்துக்குப் போகும் படியில் 'பயணிகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை தொங்கியது. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு ஒரு முடிவோடு மாமாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள். மாமா எதிரிலேயே சொல்ல வேண்டும், அப்போதுதான் பின்வாங்க முடியாது என்று தோன்றியது.

"நேத்து நான் சொன்னது தப்பு. படம் போட்ட கிளாஸ்தான் வேணும்னு நான்தான் அவர்கிட்ட கேட்டு வாங்கினேன். காசுன்னு நான் விசாரிக்கல. அது என் தப்பு. அந்தக் காசை மறுபடி என் கணக்குலயே எழுதுங்க, நானே கட்டறேன்."

வார்த்தைக்கு வார்த்தை நிஜம்தான். ஒரு வரியை மட்டும்தான் விட்டாள்.

மாமாவின் முகம் சிவந்தது. பகட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஒரு ஏழைமேல் பழியைப் போட்டாயா என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யார் எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகிய தங்கை, ஒரு பேச்சும் பேசாமல் நிற்பதை அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் மழை மறுபடி வந்தது. இந்த முறை தூறல். கவுன்ட்டரில் அவன் நின்றான்.

அவள் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் ஊற்றவில்லை. அடுத்த பயணத்துக்குக் கையெழுத்து ஆகிவிட்டது என்று மெல்லச் சொன்னான். சந்தோஷம் என்றாள். திட்டினது மனசில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். தூறலைப் பார்த்தார்கள். நாளைக்குக் காலையில் கரை... அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீங்க எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க" என்றான் அவன். "ஆனா நீங்க நினைக்கற அளவுக்கு நான் நல்லவன் இல்ல."

"ஏன்?"

"முதல் நாள் வாயை மூடிக்கிட்டது உத்தரவுக்குப் பயந்து. அது நிஜம். அதுக்கப்புறம் சூப்பர்வைசர் இல்லாத நேரத்துல எத்தனையோ தடவை வந்தீங்க. காசுன்னு ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அன்னியிலேர்ந்து சாதா கிளாஸ்ல குடிச்சிட்டு அங்கயே வச்சிட்டுப் போயிருப்பீங்க. கழுவிக்கிட்டுத் திரும்ப வந்திருக்க மாட்டீங்க." புருவம் அசையவே இல்லை. "நீங்க திரும்ப வரணும்னுதான் சொல்லல. உங்க காசுல நான் ஆசைப்பட்டுட்டேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள், இல்லை. திருட்டுப்பயல்... அவன் மட்டுமா?

"எனக்கு அன்னாசி ஆகவே ஆகாது" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே. நாக்கெல்லாம் எரியும்."

அவன் விழித்தான். விழித்தவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. புரியப் புரிய அந்தக் கண்கள் என்ன ஆயின என்பதை எப்படிச் சொல்வது... மழையில் நனைந்த தளத்தில் விளக்கு விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"வெளியே வாங்க" என்றாள்.

கவுன்ட்டரை விட்டு அவன் வெளியே வந்தான். நடுவில் பலகை இல்லாமல் அவனை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தான், அவளைவிடப் பயந்துபோயிருந்தான். கூரையின் மறுகோடியில் மாமாவும் அக்காவும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா இன்னும் அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் எதிரே போய் நின்றாள்.

"மாமா, மத்தியானம் நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. பகட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கல மாமா. இவரைப் பாக்கத்தான் வாங்கினேன். தினமும் வாங்கினேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்... முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டேன்."

மாமா அவளைப் பார்த்தார். பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

அக்காதான் எழுந்தாள். பக்கத்து மேஜையிலிருந்து ஈரமான ஒரு நாற்காலியை இழுத்து, முந்தானையால் துடைத்து, தங்களோடு சேர்த்துப் போட்டாள்.

"எவ்வளவு நேரம் அவரை நிக்க வைப்பே... உக்காரச் சொல்லுடி."