செவ்வந்திக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

“எட்டி எட்டிப் பார்க்கறது என்னங்க பழக்கம்?”

செவ்வந்தி வெடுக்கென்று கேட்டுவிட்டாள். வெளியே கோவையே நனைகிற மழை... பஷீர் பாயின் டைப்பிங் சென்டருக்குள் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய பெரிய கண்கள்... அவற்றில் குறும்பு இருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கவலையல்லவா இருந்தது!

பாவம், எதிர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டரான அவள் பாடு அவளுக்கு. பெங்களூரில் பெரிய நரம்பியல் மருத்துவமனையில் இரண்டு மாதப் பயிற்சி. அதற்கு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றைத் தரவேண்டிய டாக்டர் லட்சுமியம்மாள், “நீயே எழுதி டைப் அடிச்சுட்டு வா கண்ணு, கையெழுத்துப் போடறேன்” என்றுவிட்டார். பெரிய டாக்டர்கள் எல்லோரும் செய்வதுதான். நான்கு மணிக்கு அவர் விடுப்பில் கிளம்புகிறார். விட்டால் இந்த வருஷம் பெங்களூர் கிடையாது.

ஆனால் தன் பெருமையைத் தானே எழுதுவது இருக்கிறதே... அதற்கு எம்.பி.பி.எஸ். பரீட்சையையே இன்னொரு தரம் எழுதிவிடலாம்! ஒழுங்காக வருவாள், பணிவானவள், கெட்டிக்காரி... அதற்குமேல் பேனா ஓடவில்லை. வெட்கம் தாங்காமல் கெட்டிக்காரியின் மேலும் கோடு கிழித்துவிட்டாள்.

“தப்பா நினைக்காதீங்க... இதுல உங்களையே காணோமேன்னு பார்த்தனுங்க,” என்றான் அவன். சொன்னதோடு விட்டானா? ஒரு தாளில் இங்கிலீஷில் மளமளவென்று எழுதி நீட்டவும் செய்தான்.

அவள் படிக்கவே இல்லை. முன்பின் தெரியாதவர் எழுதிக் கொடுத்து வாங்கிப் பழக்கமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள், யாரிடமும் கை நீட்டாமல் படித்தவள்... அந்த ரோஷம் சும்மா விடுமா? அவன் முகம் வாடிப்போயிற்று. தாளை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மிஞ்சிய இரண்டு வரியை டைப் அடித்து வாங்கிக்கொண்டு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். லட்சுமியம்மாள் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். இது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும், இதில் கையெழுத்துப் போட்டால் பெங்களூரில் குப்பைக்குத்தான் போகும், அரை மணி நேரம் தருகிறேன் என்றார்.

செவ்வந்தி திரும்பி வந்தபோது அவன் தன் வேலைக்கான விண்ணப்பத்துக்காக இன்னும் காத்திருந்தான். அய்யோ, எந்த முகத்தோடு கேட்பது? கேட்டாள்.

“நீங்க எழுதுனது... அது வேணுமுங்க.”

“கிழிச்சுப்போட்டனுங்க. ஆனா மனப்பாடமாச் சொல்லுவேன்,” என்றான் மெல்ல. “எம் பேரு தமிழ்ச்செல்வனுங்க. ஆனைமலை. ஆறாம் வார்டு நஞ்சப்பன் மகன்.”

நஞ்சப்பன்! அவளுக்குச் சுரீர் என்றது. நோயாளி நினைவிருந்தார். கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றவனைத்தான் அவள் பார்த்ததே இல்லை.

அவன் இங்கிலீஷில் சொல்லச் சொல்லப் பாய் தட்டினார். பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு விவசாயி. இனிப் பேசமாட்டார் என்று வீட்டாரே நம்பிவிட்டார்கள். இந்தப் பெண் மட்டும் தினமும் கட்டிலருகே கும்மிப் பாட்டை முணுமுணுத்தாள். ஒன்பதாம் நாள் அவரும் கூடவே பாடினார். பேச வராத வாய்க்குப் பாட வந்தது. அந்த மெட்டிலேயே தண்ணீர் கேட்கப் பழக்கினாள். இன்று அவர் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்...

செவ்வந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை.

“எட்டு மாசமாச்சுங்க... இந்தப் பொண்ணு நெனப்பு மட்டும் போகவே மாட்டேங்குதுங்க...”

பாயின் விரல்கள் நின்றன. “சார், இது தமிழ்ல வருதுங்களே. எங்கிட்ட இருக்கறது இங்கிலீஷ் மெஷினுங்க.”

தமிழ்ச்செல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளோ தாளை உருவிக்கொண்டு மழையில் ஓடினாள்.

லட்சுமியம்மாள் இரண்டு தரம் படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் கெட்டது என்று அவன் தலைகுனிந்து கடைவாசலில் நின்றுகொண்டிருந்தான். செவ்வந்தி மூச்சு வாங்க எதிரே வந்து நின்றாள். நனைந்த இமைகள் படபடத்தன...

“ஞாயித்துக்கிழமை ஆனைமலைக்கு வாரனுங்க... அப்பாவைப் பார்க்க.”

“சரிங்க டாக்டர்...”

“டாக்டரா வரலீங்க,” என்றாள்.