கொம்பு முளைத்த எழுத்துகள்

"ஒரு காபி... சர்க்கரை கம்மியா. கொஞ்சம் சீக்கிரம்!"

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஈரக் குடையை மடக்கியபடியே அவள் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மருத்துவமனை கேன்டீனில் கையில் தட்டோடு ஒருவன் நின்றால், அவன் வேறு யாராக இருப்பான்?

அவன் முழித்தான். தன் தேநீரை வைக்க இடம் தேடி நின்றவன் அவன். 'நான் இல்லைங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்... கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்த கண்கள். ஒரு இமையின் நுனியில், விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மழைத்துளி.

"சரிங்க" என்றது வாய். கால்கள் தாமாகவே கவுண்டருக்கு நடந்தன.

காபியோடு அவன் திரும்பியபோது அவள் போனில் பொரிந்துகொண்டிருந்தாள். "தப்பு நம்ம பக்கமாம்டி! நான் தமிழை ஒழுங்கா டைப் அடிக்கலையாம்! எழுதி அனுப்பியிருக்காங்க, அந்த சர்வர் கம்பெனிக்காரங்க. அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்... பொடிமாஸ்தான்!"

கோப்பையை மேசையில் வைத்தவன் ஓரடி பின்வாங்கினான்.

"தேங்க்ஸ். நீங்க இங்க புதுசா? பார்த்ததே இல்லையே."

"ஆமாங்க. இன்னிக்குத்தான் வந்தேன். சர்வர் வேலை."

"அதான் தெரியுதே..."

"இல்லைங்க... அந்த சர்வர் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கையில கிடைக்கட்டும்னு சொன்னீங்களே... அந்த சர்வர்."

அவள் போனை மெல்லக் கீழே இறக்கினாள். முகத்தில் கோபமும் வெட்கமும் நான் முந்தி நீ முந்தி என்று ஓடின.

"அப்புறம் எதுக்குக் காபி கொண்டு வந்தீங்க?"

"கேட்டீங்களே..."

சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வாங்க மேல. வந்து உங்க கண்ணால பாருங்க" என்று முன்னால் நடந்தாள். காபியைக் கையில் எடுத்துக்கொண்டுதான்!

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் அவள் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர்கள் சொல்வதை, கைக்குழந்தையோடு வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதி இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. பால் கொடுப்பது எப்படி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, சொட்டு மருந்து எப்போது... எல்லாம் அவள் எழுதியவை. நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் 'பட்டாசு'.

அறைக்குள் ஒரு மேசை, ஒரு கணினி, மழை வழியும் ஒரு ஜன்னல். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"படிங்க, கேப்போம்."

அவன் பார்த்தான். தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில எழுத்து ஒன்று, அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட இன்னொன்று, மறுபடியும் சாய்கோடு, மறுபடியும் வட்டம்... பக்கம் முழுக்க அதேதான். தமிழ் மருந்துக்குக்கூட இல்லை.

"நான் எழுதினது 'குழந்தைக்குப் பால் புகட்டும் முன்'. வந்திருக்கறது இது. எழுத்துக்கெல்லாம் கொம்பு முளைச்சிருக்கு!"

"தமிழ்ல கொம்பு வச்ச எழுத்து இருக்குதானேங்க..."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இருக்கு. அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கும்."

அவன் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது மேசைத் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ஒரு பெண்ணின் அழுகை அவனுக்கே கேட்டது. குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல. சொட்டு மருந்து பாலுக்கு முன்னாலா, பின்னாலா? பால் புகட்டும் பக்கத்தைத் திறந்தால் ஏதோ கிறுக்கலாக வருகிறதாம்.

"அழாதம்மா... நான் இருக்கேன்ல? பேனா எடுத்துக்கோ. மெதுவா சொல்றேன்."

பட்டாசு எங்கே போயிற்று? அந்தக் குரலில் அவ்வளவு பொறுமை. ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள். தப்பாகச் சொன்ன இடத்தில், "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றாள். குழந்தை பெயரைக் கேட்டாள். "அழகான பேரு" என்றாள்.

அவன் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'இவங்களையா ஒழுங்கா டைப் அடிக்கலைன்னு எழுதினோம்...'

அவள் பேசி முடிப்பதற்குள் அவளுடைய ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டான். சுத்தமான யூனிகோட், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை. எந்த எழுத்துமுறை என்று பக்கத்தின் தலையிலேயே ஒழுங்காக எழுதியும் இருந்தாள்.

"உங்க பக்கத்துல ஒரு குறையும் இல்லைங்க" என்றான்.

"அப்புறம் ஏன் இப்படி வருது?"

"ஒரு பக்கத்தை அனுப்பறதுக்கு முன்னாடி, அதை வச்சிருக்கற எங்க சர்வர் ஒரு வார்த்தை சொல்லும். வர்றது வலைப்பக்கமா, படமா, எந்த எழுத்துமுறைன்னு. பிரவுசர் அதைத்தான் முதல்ல நம்பும். நீங்க உள்ள என்ன எழுதி வச்சாலும் அது எடுபடாது."

"சரி, உங்க சர்வர் என்ன சொல்லுது?"

திரையில் சில விசைகளைத் தட்டினான். சர்வர் சொல்லி அனுப்பும் அந்த வரி வந்தது. மேற்கத்திய எழுத்துமுறை! எல்லாப் பக்கத்துக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இணையதளத்தைப் புது இயந்திரத்துக்கு மாற்றும்போது சேர்ந்த வரி அது. அதை எழுதியது யார் என்றும் அவனுக்குத் தெரியும்...

முகம் மாறியது. "ஆபீஸ் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க." அவள் கண்களில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "போங்க."

நிறுவனம் அவன் அக்காவுடையது. அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, ஒற்றை அறையில் ஆரம்பித்து, ராப்பகலாக உழைத்து வளர்த்தது. அக்கா பொதுவாகத் தப்பு செய்ய மாட்டாள். செய்தால் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள்.

"டேய், 'கோளாறு உங்க பக்கம்'னு கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. இப்பப் போய் மாத்திச் சொன்னா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? கமுக்கமா அந்த வரியை மாத்திடு. எழுத்து தெரிஞ்சா போச்சு."

"எழுத்து தெரியும்க்கா. ஆனா அவங்கதான் தப்பா அடிச்சு, இப்பத் திருத்திட்டாங்கன்னு எல்லாரும் நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. உனக்கென்ன?"

அவன் கீபோர்டைத் தட்டத் தொடங்கினான். காது மட்டும் சிவந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியை உற்றுப் பார்த்தாள்.

"உனக்கென்னன்னு கேட்டேன்..."

"ஒரு அம்மா அழுதுக்கிட்டே போன் பண்ணாங்கக்கா. படிக்க முடியலைன்னு. இவங்க முழுப் பக்கத்தையும் வாயாலயே சொன்னாங்க. எவ்வளவு பொறுமையா..."

"இவங்கன்னா?"

"அவங்கதான்... அந்த..."

"ம்ம்... 'அந்த'. புரியுது." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வரியை மட்டும் மாத்து. வாயைத் திறக்காதே."

வரியை மாற்றினான். சர்வரை மறுபடி இயக்கினான். பக்கத்தைப் புதுப்பித்ததும் 'குழந்தைக்குப் பால் புகட்டும் முன்' என்று தமிழ் பளிச்சென்று வந்தது. தன்னையறியாமல் அந்தப் பக்கம் முழுவதையும் படித்தான். 'பயப்பட வேண்டாம். எல்லா அம்மாக்களும் ஒருநாள் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள்தாம்.' எழுத்திலும் அதே குரல்...

சொட்டு மருந்துப் பக்கத்தை மட்டும் அழுத்தினால் திறக்கவில்லை. பெயரில்லாத ஏதோ ஒன்று கைபேசியில் வந்து இறங்கி, அப்படியே உட்கார்ந்துகொண்டது. பார்த்தான். ஃபைலின் பெயருக்குக் கடைசியில் வர வேண்டிய '.html' என்ற ஒட்டு விடுபட்டிருந்தது. பழைய இயந்திரம் அதை வலைப்பக்கம் என்று தானே ஊகித்து அனுப்பியது. புதியது, என்ன வகை என்று தெரியாமல் மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டது.

இந்தத் தப்பு அவளுடையது. சின்னதுதான். ஒட்டைச் சேர்த்துச் சரிசெய்தான்.

மறுநாள் காலை அக்காவிடம் சொல்லாமலே மருத்துவமனை நிர்வாக அதிகாரியின் எதிரில் போய் நின்றான். "ரெண்டு கோளாறும் எங்க பக்கம்தான் சார். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அன்றிலிருந்து அக்கா அவனோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'ணங்' என்று பேசியது.

அவளுக்கோ அன்று காலை கால் தரையில் பாவவில்லை. திரை முழுக்கத் தமிழ்! சரிசெய்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்... எப்படி ஆரம்பிப்பது? மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதிகாரி கூப்பிட்டார்.

"அந்தத் தம்பி நேர்ல வந்து ரெண்டுமே எங்க தப்புன்னு ஒத்துக்கிட்டாரும்மா. நீ தப்பிச்சே!"

ரெண்டுமா? எது ரெண்டாவது?

தேடினாள். சொட்டு மருந்து ஃபைலின் பெயரில் அவள் அடிக்காத ஒட்டு ஒன்று இருந்தது. பழைய பிரதியைத் திறந்து பார்த்தாள். இல்லை. அவள்தான் விட்டிருக்கிறாள்.

முகம் சுண்டிப் போயிற்று. உடனே அவனை அழைத்தாள்.

"என் தப்பை நீங்க எதுக்குத் தூக்கிச் சுமக்கறீங்க? பாவம் பார்த்தீங்களா?"

"ஐயோ, இல்லைங்க... சின்ன விஷயம்னுதான்..."

"சின்ன விஷயமா? மருந்துப் பக்கம்ங்க அது! எனக்குச் சொல்லியிருந்தா மத்த பக்கங்களைப் பார்த்திருப்பேன். இதே தப்பு இன்னும் எத்தனை இடத்துல இருக்கோ! நல்லவரா இருக்கறது உங்களுக்கு முக்கியம். அந்த அம்மாக்களுக்குப் பக்கம் திறக்கறது முக்கியம்."

அவன் மெதுவாக, "நான் இதை யோசிக்கவே இல்லைங்க" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. 'ஒரு மன்னிப்பாவது கேக்கட்டும்...' என்று இவள் இருந்தாள். 'இனி எந்த முகத்தோட பேசறது...' என்று அவன் இருந்தான். வெளியே மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தாள். இன்னும் சிலவற்றிலும் அதே தப்பு இருந்தது. எல்லாவற்றையும் திருத்திவிட்டு அதிகாரியிடம் போய், "ரெண்டாவது தப்பு என்னுது சார்" என்றாள். அவர் சிரித்தார். "சரி விடு. எப்படியும் அந்தக் கம்பெனியை மாத்திடலாம்னு பேச்சு நடக்குது."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ! "மறைச்சவங்களை மாத்துங்க சார். தானா வந்து ஒத்துக்கிட்டவரை எதுக்கு மாத்தணும்? அடுத்து வர்றவங்க ஒத்துக்குவாங்கன்னு என்ன நிச்சயம்?"

அதிகாரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீதானேம்மா அவங்களைப் பொடிமாஸ் பண்ணணும்னு சொல்லிக்கிட்டு இருந்தே?" கேன்டீன் பேச்சு அவர் காது வரை போயிருந்தது. ஆனாலும் யோசித்தார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

அந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் அவன் ஆபீஸுக்கு நேரில் போனாள். ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தது அக்கா. மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ற பட்டாசா? நான் அவன் அக்கா. பத்திக்கறதுக்கு முன்னாடி உக்காருங்க."

"நான் சண்டைக்கு வரலைங்க. ஒரு தப்பு என்னுது. உங்க தம்பி அதையும் சேர்த்துச் சொல்லிட்டாரு. அதை உங்ககிட்டயும் நேர்ல சொல்லணும்னு வந்தேன். ஆஸ்பத்திரியில உங்க கம்பெனியை மாத்தறதா இருந்தாங்க... மாத்தலை, பேசிட்டேன்."

அக்கா மேசை மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"அந்த வரியை எழுதினது நான்தாம்மா. புது மெஷினோட வந்த அமைப்பைச் சரியாப் பார்க்காம அப்படியே போட்டேன். பழியை உங்க மேல போட்டேன்... தெரிஞ்சப்புறமும் ஒத்துக்க மனசு வரலை." கண்ணாடியைக் கழற்றினாள். "மன்னிச்சிடுங்க."

"அக்கா..." என்று வந்துவிட்டது அவள் வாயில். 'மேடம்' என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

அந்த 'அக்கா'வில் அக்கா உருகிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் கை காட்டினாள். "அவன் மெஷின் ரூம்ல இருக்கான். ஒரு வாரமா சோத்தை அளைஞ்சுக்கிட்டு எழுந்து போறான். போய் நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு வாங்க. அப்பவாவது தேறுறானா பார்ப்போம்."

மெஷின் அறை குளிர்ந்து கிடந்தது. விசிறிகள் 'உர்ர்ர்' என்று இரைந்தன. அவன் முதுகைக் காட்டியபடி ஏதோ ஒயரைச் செருகிக்கொண்டிருந்தான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்களா...?"

"உங்களைத் திட்டச் சொல்லி உங்க அக்கா அனுப்பினாங்க."

"திட்டுங்க. நீங்க சொன்னது சரிதான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பாவம் பார்த்துப் பண்ணலைங்க... உங்க முகம் வாடிடக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு. வேற யோசனையே வரலை."

"ஏன் வரலை?"

அவன் தரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"என்னங்க? விசிறிச் சத்தம்... கேக்கலை."

ஒரு அடி கிட்டே வந்தான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"ம்ஹூம்... கேக்கலை."

மூச்சை இழுத்துக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு! உங்களோடயே இருக்கணும் போல இருக்கு!" என்று அந்த அறையே அதிரக் கத்தினான்.

வெளியே அக்காவின் நாற்காலி தடாலென்று நகரும் சத்தம் கேட்டது.

அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். எதிரே அந்தப் பெரிய கண்கள்... நனைந்திருந்தன. சிரித்துக்கொண்டும் இருந்தன.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள்.

"அப்புறம் எதுக்குங்க...?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு..." சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சிவந்துவிட்டது. "அதான்... இன்னும் ரெண்டு தடவை கேக்கணும் போல இருந்துச்சு."