முப்பத்து நான்கு வயதின் கையெழுத்து

மதுரை இணைவாழ்வு மன்றத்தில் பதினேழாம் எண் வழக்கைக் கூப்பிட்டார்கள். சுடர்விழியும் எஸ்தரும் எழுந்து உள்ளே போனார்கள். வரிசையில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து கும்பிட்டார்கள். மீதிப் பேர் தற்படம் எடுத்தார்கள். நாட்டுக்கே முன்மாதிரியான பெண் இணையர் ஏதோ வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர்கள் வந்திருந்தது மணமுறிவு கேட்டு.

மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நடுவர் ஜமால் முகைதீன். மற்றொன்றில் உட்கார்ந்திருந்ததும் சுடர்விழிதான். ஆனால் முப்பத்து நான்கு வயதுச் சுடர்விழி. கடுகு நிறச் சேலை, கழுத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் அந்தப் பழைய திமிர், நரையில்லாத தலை. வாசலில் நின்ற அறுபத்து நான்கு வயதுக்காரி அவளைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டாள்.

இந்த ஏற்பாட்டைச் செய்ததே அவள்தான். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி முடிவெடுக்கும் எந்த மன்றத்திலும் அவர்களில் ஒருவர் உட்கார வேண்டும் என்று 2044இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். உட்காரத்தான் ஆள் இல்லை. நீதிபதிகளில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், ஆட்சியர்களில் இருந்தார்கள், நடிகர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தார்கள். பொதுவாழ்வில் பேரைச் சொல்லி, மனைவியை மேடையேற்றி நின்றவள் அன்றைய அமைச்சர் சுடர்விழி ஒருத்திதான். ஒருத்தி எப்படி முப்பத்தெட்டு மாவட்டங்களில் உட்காருவாள்? அகப்பதிவுக் கூடத்தில் நாற்பது நாள் படுத்துக் கிடந்தாள். அவள் நினைவு, பேச்சு, எதற்குக் கோபம் வரும், எதற்கு மனம் இளகும் என்பதையெல்லாம் படியெடுத்தார்கள். நிகருரு பிறந்தது. அதன் உடம்பு வெறும் ஒளி. கையெழுத்து மட்டும் சட்டப்படி செல்லும்.

படியெடுத்தபோது ஒரு நிபந்தனையை அவளே உட்கார்ந்து எழுதினாள். அந்தக் காலத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். வீட்டார் வந்து ஒரு பெண்ணை இழுத்துப் போவார்கள். ஒரு வாரம் கழித்து அதே பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நானா விரும்பித்தான் பிரியுறேன்" என்பாள். ஆகவே, பிரிய வேண்டும் என்று யார் சொன்னாலும் அதை முதலில் மிரட்டல் என்றே கொள்ள வேண்டும். நிகருருவை யாரும் திருத்தக் கூடாது. பின்னாளில் சுடர்விழியே வந்து கேட்டாலும் கூடாது. கேட்டால் அவளையும் யாரோ மிரட்டுகிறார்கள் என்று பொருள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அமைச்சரவை ஒப்புதலோடு செய்தாள்.

அந்த நிபந்தனையால் பிழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிழைக்காதது சுடர்விழி, எஸ்தர் இருவரின் வாழ்க்கை மட்டும்தான். எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அவர்கள் கைகோத்து நிற்கும் படம் உண்டு. எஸ்தர் கால்நடை மருத்துவர். மாட்டை ஓட்டி வருபவர்கள் மாட்டைக் காட்டாமல் அவளோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கட்டத்தில் மருத்துவமனையை மூடிவிட்டாள். வீட்டில் குரலை உயர்த்திப் பேச முடியாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அன்று மாலையே செய்தியாகிவிடும். "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று சொல்ல நாட்டில் ஒரு கூட்டமே காத்திருந்தது. அதனால் சிரித்தார்கள். விழாக்களில் சிரித்துச் சிரித்து, வீட்டுக்கு வந்தால் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு வருடமாகத் தனித்தனி அறை. எஸ்தர் சாத்தான்குளத்துக்குப் போய், ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு, யாருக்கும் மனைவியாக இல்லாமல் சாக வேண்டும் என்று விரும்பினாள். இந்த ஒன்றையாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் சுடர்விழி மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

நடுவர் மனுவைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் மனசாரத்தான் கேக்குறீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ ஊருக்குப் போகணும்னு ஆசைப்படுறா. நானும் சரின்னுட்டேன்."

நிகருரு முன்னால் சாய்ந்தது. "உக்காருங்கம்மா, நின்னுக்கிட்டு எதுக்குப் பேசுறீங்க?" வயதுக்குக் கொடுத்த மரியாதை அது. "இதை யாரு சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"கட்சியா?"

"கட்சிய விட்டு எட்டு வருசமாச்சு."

"அப்ப, விட்டுட்டு வந்ததுக்குப் பழிவாங்குறாங்க," என்று நிகருரு குறித்துக்கொண்டது.

சுடர்விழிக்கு எரிச்சல் வந்தது. "இந்தா பாரு, நீயும் நானும் ஒரே ஆளு. நீ பாக்காத முப்பது வருசத்தையும் வாழ்ந்து பாத்துட்டு வந்து சொல்றேன். விட்டுரு."

"எனக்கு என்னைத் தெரியும்மா. எஸ்தர விட்டுட்டுப் போறேன்னு என் வாயில வராது. வருதுன்னா கழுத்துல யாரோ கத்திய வச்சிருக்காங்க." அந்தக் குரலில் இருந்த உறுதிக்கு ஒரு காலத்தில் சட்டமன்றமே கைதட்டியிருக்கிறது. நடுவர் கூரையைப் பார்த்தார்.

அப்புறம் அது எஸ்தர் பக்கம் திரும்பியது. முகமே மாறிவிட்டது. அறுபத்தொரு வயது எஸ்தரை, நரையும் கண்ணுக்கடியில் சுருக்கமுமாக நின்றவளை, நேற்றுக் கட்டிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. "சாப்பிட்டியா எஸ்தர்?" என்று மெல்லக் கேட்டது.

எஸ்தர் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தான் கட்டிக்கொண்டவள் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள் என்று தோன்றியதும் அவளால் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற சுடர்விழிக்குப் பொறாமையாக இருந்தது. தன் மேலேயே பொறாமைப்படுவது அவமானமாகவும் இருந்தது.

"அழுகையைப் பதிவு செய்யுங்கய்யா," என்றது நிகருரு. "பயத்துல இருக்கா. தொண்ணூறு நாள் காப்பு ஆணை போடுறேன். ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கட்டும். யாரும் வந்து பிரிக்கக் கூடாது. அலைபேசிய வாங்கி வச்சிருங்க."

காப்பு ஆணைக்கு ஒரு கையெழுத்துப் போதும். அந்த விதியை எழுதியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவர் அவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போய் ஒரு படிவத்தை நீட்டினார். "நிகருருவத் திருத்தத்தான் முடியாது. மூலவருங்கிற முறையில மொத்தமா அழிக்கச் சொல்லி எழுதிக் குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. குடுத்தா இந்த ஆணையும் போயிரும். ஆனா முப்பத்தெட்டு நாற்காலியும் காலியாயிரும்."

"இப்பத்தான் காலம் மாறிப்போச்சே. உக்கார ஆளா இல்ல?"

"அதான் எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்களேம்மா. உங்க நாற்காலிய நம்பி ஒருத்தரும் வெளிய வரல." அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நானே வரலியே. பதினோரு வருசமா உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

சுடர்விழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை மடித்து வாங்கிக்கொண்டாள்.

ஆணைப்படி அவர்களைக் கொண்டுபோய் வைத்த காப்பில்லம் நகரத்துக்கு வெளியே, ஆளுயர மதிலுக்குள் இருந்தது. அறையில் இரண்டு கட்டில், ஒரு சன்னல், சன்னலுக்குக் கம்பி. எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தாள்.

"போட்டுரு சுடரு. ஒரு கையெழுத்து. நாளைக்கே நான் ஊருல இருப்பேன்."

"போடத்தான் போறேன். பேனா கேட்டிருக்கேன்."

பேனாவுக்குப் பதிலாக இரண்டு பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். உசிலம்பட்டிக் கார்குழலி, மேலூர் நஸ்ரின். வீட்டை விட்டு வந்து மணம் செய்துகொண்டவர்கள்; மறுநாள் காலை அவர்களுக்கு விசாரணை. கார்குழலியின் மாமன்மார் நான்கு வண்டிகளில் வந்து மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று நஸ்ரின் சொன்னாள். கார்குழலியின் கன்னத்தில் அடிபட்டுக் கன்றிய பழைய இடம் ஒன்று பச்சை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"நடுவரு மாமன்மாரு பக்கம் பேசுனாக்கூட, அக்கா உக்காந்திருக்காங்க, விடமாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாள் நஸ்ரின். "நீங்க விடமாட்டீங்கதானக்கா?"

சுடர்விழி எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மடியிலிருந்த படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். கேட்டவளும் அவள்தான், கிழித்தவளும் அவள்தான்.

"விடமாட்டா," என்றாள் எஸ்தர். "அவ யாரையும் விடமாட்டா. நாளைக்கு அவ முன்னாடி அழுகை வந்தா அடக்காதீங்க. அழுகைய நம்புவா."

பெண்கள் இருவருக்கும் உயிர் வந்தது. "சேந்து நில்லுங்கம்மா, ஆசீர்வாதம் வாங்கிக்கிறோம்," என்று நஸ்ரின் சொல்ல, இருவரும் சட்டென்று காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் என்றால் இணையர் சேர்ந்துதானே நிற்க வேண்டும்? ஆறு வருடத்துக்குப் பிறகு தோளோடு தோள் இடிக்க இருவரும் நின்றார்கள். சுடர்விழிக்கு வழக்கமான வாழ்த்து வாயில் வரவில்லை. எஸ்தர்தான் குனிந்து இரண்டு தலைகளையும் தொட்டாள்.

"ஆசைதீர சேந்து இருங்க. ஆசை தீந்துட்டுன்னா, ஒருத்தர்கிட்டயும் கேக்காம பிரிஞ்சு போகவும் கர்த்தர் உங்களுக்கு வழி விடட்டும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் சொன்னால் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் நஸ்ரின் ஓடி வந்து எஸ்தரைக் கட்டிக்கொண்டாள். மன்றத்தில் ஜெயித்துவிட்டார்கள். மாமன்மார் நூறு கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. பெண்களுக்குக் கோயம்புத்தூரில் வீடும் வேலையும். "நீங்க சொன்ன மாதிரியே அழுதோம்மா. மன்றத்துல உக்காந்திருக்க அக்காவுக்கு உங்க மேல எவ்வளவு பாசம் தெரியுமா? எங்களக் கூப்பிட்டு, எஸ்தர் எப்படி இருக்கா, என்ன பேசுனான்னு கேட்டாங்க. நீங்க ஆசீர்வாதம் பண்ணதை அப்படியே சொன்னேன்."

எஸ்தர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துச் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து, காப்பில்லக் காவலர் ஒரு தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினார். சுடர்விழி எடுத்து, எஸ்தருக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"புதுமண இணையருக்குக்கூடப் பிரிவை வாழ்த்தாகச் சொல்லும் அளவுக்கு எஸ்தர் அச்சுறுத்தப்பட்டிருப்பது தெரிய வருகிறது. மிரட்டல் காப்பில்லத்துக்கு உள்ளேயும் எட்டியிருக்கிறது. ஆகவே இருவரின் காப்புக் காலம் தொண்ணூறு நாளிலிருந்து மூன்று ஆண்டாக நீட்டிக்கப்படுகிறது. இவர்களை யாரும் பிரித்துவிடாதபடி வாசலில் கூடுதல் காவல் போடப்படும். எஸ்தர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கவனிக்கவும்."

"கையெழுத்து?" என்று கேட்டாள் எஸ்தர்.

சுடர்விழி தாளை அவளிடம் கொடுத்தாள். கையெழுத்து சுடர்விழியுடையதுதான்.