புலிக்காரியின் மகள்

செவ்வாயும் வெள்ளியும் என் முறை. விடிந்ததும் பணிமனைக்குப் போய் மேலங்கியில் புலி வாடைப்பூச்சைத் தடவிக்கொண்டு, அமுக்கினால் புலிபோல் உறுமும் முழக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடைக்கரையோரமாக மலை ஏறுவேன். காற்று என் முதுகிலிருந்து வீசினால் வேலை சுலபம். புள்ளிமான்கள் தலையைத் தூக்கும், வாலை நிமிர்த்தும், ஒன்று முன்காலால் தரையைத் தட்டும். அப்புறம் கூட்டமே கரையை விட்டுப் போய்விடும். போன இடத்திலும் நிம்மதியாக மேயவிடக் கூடாது. அதுதான் என் உத்தியோகம். அரசாங்கக் காகிதத்தில் அச்சப் பணியாளர். ஊரில் புலிக்காரி.

எங்கள் மலையில் புலி இல்லாமல் போய் இரண்டு தலைமுறை ஆகிறது. ஏதோ காய்ச்சல் என்றார்கள். புலி போனதும் மான் பெருகியது. சுட்டுக் குறைத்தார்கள். குறைந்த பிறகும் ஓடை செத்துக்கொண்டே வந்தது. பிறகுதான் விளங்கியது, சிக்கல் மானின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அதன் நிம்மதியிலும் இருக்கிறது என்று. பயமில்லாத மான் தண்ணீரை விட்டு நகராது. நின்ற இடத்திலேயே நீர்மருது, நாவல் கன்றுகளைத் துளிரிலேயே கடித்துவிடும். வேர் இல்லாத கரை சரிந்து ஓடையில் விழும். ஓடை மண்மேடானால் கீழே எங்கள் கிணறுகளில் ஊற்று வற்றிவிடும். ஆக, ஊருக்குத் தண்ணீர் வருவது மானின் பயத்தால். மேகத்தால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் உண்மைதான்.

வாடை மட்டும் போதாது. மானை முட்டாள் என்பவர் மானைப் பார்த்ததில்லை. வாடை வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நாலே நாளில் கண்டுகொள்ளும். அதனால் அவ்வப்போது ஒன்றைச் சுட வேண்டும். குட்டி அகப்பட்டால் தரையோடு அழுத்திப் பிடித்து, காதருகே முழக்கியை உறுமவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். அது ஆயுசுக்கும் மறக்காது. எங்களில் சம்பந்தமூர்த்தி என்று ஒருவர், இளகிய மனசு. ஒரு பருவம் முழுக்கச் சும்மா நடந்துவிட்டு வந்தார். கடைசியில் மான்கள் வந்து அவர் அங்கியில் வேர்வை உப்பை நக்கின. அதைப் படம்பிடித்து எல்லோருக்கும் வேறு அனுப்பினார். அந்தப் பள்ளத்தில் பயத்தை மறுபடி விதைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இந்தப் பூச்சு சோப்புக்கோ சீயக்காய்க்கோ மசியாது. என் மகள் நிறைமதி கைக்குழந்தையாக இருந்தபோது, நான் வாசலில் நுழைந்தாலே வீல் என்று கத்துவாள். கொஞ்ச நாள் கிட்டே போக வேண்டாம் என்றார் என் கணவர் மோகனசுந்தரம். வனத்துறையின் நாற்றங்காலில் வேலை பார்ப்பவர். எதற்கும் பொறுமை உண்டு. எனக்கு அது கிடையாது. பால் கட்டிய மாரோடு எத்தனை நாள் திண்டாடுவது? கத்தக் கத்தத் தூக்கி அணைத்தேன். ஒரு மாதத்தில் அழுகை நின்றது. பிறகு அந்த வாடை இல்லாவிட்டால் தூங்கமாட்டாள் என்றாகி, என் பழைய அங்கிதான் அவளுக்குப் போர்வை. நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவளுக்கு நாலு வயதானபோது கோட்ட அலுவலர் ரஹ்மத்நிஷா எங்களைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். காப்பகத்தில் வளர்த்த புலிகளை ஐப்பசியில் காட்டில் விடப்போகிறார்கள். இனி நாங்கள் நடக்க வேண்டியதில்லை. எல்லோரும் நாற்றங்காலுக்குப் போகலாம். இனிப்பு கொடுத்தார்கள். நானும் இரண்டு லட்டு தின்றேன். மலைக்கு உரியவள் மலைக்கு வருகிறாள் என்று மனசு நிறைந்துதான் இருந்தது.

விட்ட பத்துப் பதினைந்து நாளில் ஒரு பெண்புலி எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வந்தது. மாலை நேரம். அடுத்த வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனது. தெருப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே விளையாட்டை விட்டு உள்ளே ஓடினார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். கொல்லையில் நிறைமதியின் குரல் கேட்டது.

“அப்பா, அம்மா வந்துருச்சு.”

படலைத் திறந்துகொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி புதரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். மோகன் பாய்ந்து தூக்கிக்கொண்டு வந்தார். புதரில் மஞ்சளாக ஏதோ அசைந்தது, பிறகு இல்லை.

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றார் மோகன். எங்கே போவது? கீழ்ச்சீமையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் உள்ள ஓடைக்கரை ஊரெல்லாம் இனி புலி ஊர்தான். அங்கியை எரித்தோம். புலி பொல்லாதது, கடிக்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “அம்மாதான புலி” என்றாள். மறுநாளும் காற்று திரும்பியபோது படலருகே போய் நின்றாள். பேச்சால் பயம் வராது. அந்த வேலையையே பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“நீ பண்ணாத புள்ள, நான் பண்றேன்” என்றார் மோகன்.

“உங்க மேல அந்த வாடைய அவ பார்த்ததே இல்லைங்க. நான்தான் பழக்குனேன். நான்தான் பண்ணோணும்.”

பணிமனையில் மிச்சமிருந்த பூச்சைப் பூசிக்கொண்டு கொல்லை வழியாக வந்தேன். வாடை பட்டதும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். மான்குட்டியைப் பிடிப்பதுபோலவே பிடித்தேன், பிடரியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. தரையோடு அழுத்தி முழக்கியை அமுக்கினேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு “அம்மா, அம்மா” என்று என்னிடமே என்னைக் கூப்பிட்டாள். துள்ளல் அடங்கி உடம்பு நடுங்கத் தொடங்கியபோது விட்டேன். அதுதான் கணக்கு, முன்னால் விட்டால் பலன் இல்லை. மோகனிடம் ஓடி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு தடவை போதாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். மறுபடியும் செய்தேன்.

மார்கழியில் அந்தப் பெண்புலி திரும்ப வந்தது. அடுத்த வீட்டு நாய் எழுவதற்குள் நிறைமதி எழுந்துவிட்டாள். கொல்லையிலிருந்து அவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, வாசற்படியில் நின்ற நான் என்னை அறியாமல் இரண்டு கைகளையும் விரித்தேன். பூச்சை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. ஈரத் துணியும் மண்ணும் தவிர என் மேல் எந்த வாடையும் இல்லை. அவள் ஒரு கணம் தயங்கி, என்னைத் தொடாமல் சுவரோரமாக ஒட்டிப் புகுந்து, அப்பாவிடம் போய்விட்டாள்.

“நல்லா ஓடுறா” என்றார் மோகன், என்னைப் பார்க்காமல்.

இனி இவள் பிழைத்துக்கொள்வாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.