ராமேஸ்வரத்தில் விட்டு வந்தது

"ஏட்டி மாரி! ரயிலுக்கு நேரமாச்சு, இன்னும் அடுப்படியிலயே உருட்டிக்கிட்டு இருக்கியே... புளியோதரை ஆறினாத்தானே கட்ட முடியும்!"

மாமியார் ஆவுடையம்மாளின் குரல் வாசலிலிருந்து வந்தது. மாரித்தாய் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்தவள். பொடி தடவிய இட்லி, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, பிளாஸ்க்கில் பால், காய்ச்சல் மருந்து என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வீடே ராமேஸ்வரம் தீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவளை மட்டும் கூப்பிடவில்லை.

அது கொழுந்தன் பெத்துராஜின் ஏற்பாடு. அவனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் மனைவி வேலுத்தாயையும் இரண்டு பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ராமேஸ்வரத்தைக் காட்டப் போவதாகச் சொன்னான். உண்மைக் காரணம் வேறு. அதை மாரித்தாயிடமே சொல்லிவிட்டான்.

"தப்பா நினைக்காதிய மதினி. செண்பகம் கொஞ்ச நாளாவது பெத்தவகூட மட்டும் இருக்கட்டும். நீங்க வந்தா அது அவகிட்ட ஒட்டாது."

செண்பகம் பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் வேலுத்தாய்க்கு நெஞ்சில் காசநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளையை அண்டவிடக் கூடாது. அவளை ராயகிரியில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூத்தவன் பாண்டி அப்போதே நடக்கிற பிள்ளை, எப்படியோ சமாளித்தான். கைக்குழந்தை மாரித்தாயின் மடிக்கு வந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷமாக வெறுமையாகக் கிடந்த மடி! புட்டிப்பால் கரைத்து, மலஜலம் அள்ளி, காய்ச்சலென்றால் தோளிலேயே போட்டு நடந்து, தன் தூக்கத்தையெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து வளர்த்தாள். இரண்டு வருஷம் கழித்து வேலுத்தாய் குணமாகித் திரும்பி வந்தபோது செண்பகத்துக்கு அம்மா என்றால் மாரித்தாய்தான். பெற்றவளை 'சித்தி' என்றது. பாண்டி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. வேலுத்தாய் பிள்ளையைத் தூக்கி ஏற்றியதுதான் தாமதம், செண்பகம் வீறிட்டாள். "அம்மா! அம்மா!" என்று வண்டியிலிருந்து சரிந்தாள். அழுத அழுகையில் முகம் நீலம் பாரித்தது.

"பிள்ளைக்கு மூச்சு அடைச்சுரும் போலிருக்கே!" என்று ஆவுடையம்மாள் பதறினாள். "ஏட்டி, நீயும் ஏறு. வேற வழியில்ல."

மில் வேலையை விட்டு வர முடியாத கணவன் சண்முகையா, அவளுக்கு ஒரு மாற்றுச்சேலையைச் சுருட்டிக் கையில் கொடுத்தான். போட்டது போட்டபடி ஏறினாள் மாரித்தாய். வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல். பாண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டான். செண்பகம் பயந்து மாரித்தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வா கண்ணு, அம்மா கடல் காட்டுதேன்..." என்று வேலுத்தாய் கையை நீட்டினாள்.

"நீ சித்தி! இதான் என் அம்மா!"

பெட்டியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வேலுத்தாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியதை மாரித்தாய் பார்த்தாள்.

தீவில் பிள்ளைகளுக்கு எல்லாமே கொண்டாட்டம். சிப்பி பொறுக்கினார்கள். மணலில் புரண்டார்கள். கோயில் தீர்த்தங்களில் வாளி வாளியாக ஊற்றியபோது நனைந்து குதித்தார்கள். மாரித்தாய்க்கு அடுப்படி மட்டும்தான் மாறியிருந்தது. சத்திரத்து முற்றத்தில் உப்பும் மணலும் ஏறிய துணிகளை அலசினாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி வைத்தாள். வெயிலில் தோல் உரிந்த பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். இடுப்பு ஒடிந்து விழுவது போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் செண்பகத்துக்குத் தலை துவட்டப் போனாள் வேலுத்தாய். பிள்ளை அவள் கையைக் கடித்துவிட்டு ஓடியது. பல் பதிந்த கையோடு வேலுத்தாய் முற்றத்துக்கு வந்தாள்.

"நான் அப்பவே செத்துப் போயிருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்லையாக்கா?"

"வேலு! என்ன பேச்சு பேசுத..."

"பின்ன என்னக்கா? ராயகிரியில ஒவ்வொரு ஊசி குத்தும்போதும் எம்பிள்ளைய நினைச்சுத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உசிரோட இருந்தேன். வந்து பாத்தா நான் சித்தி! நான் வந்து ஆறு மாசமாச்சு. அது என்னைச் சித்தின்னு கூப்பிடுதப்பல்லாம், ஒரு நாளாவது... ஒரே ஒரு நாளாவது, 'அவதான் உன் அம்மா'ன்னு நீங்க சொன்னியளாக்கா?"

மாரித்தாய் சொன்னதில்லை! பிள்ளை தானாகத் தெரிந்துகொள்ளும் என்று தள்ளிப்போட்டாள். 'அம்மா' என்ற அந்தச் சொல்லை இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஈரத்துணி நழுவித் தரையில் விழுந்தது.

மறுநாள் காலை அக்னி தீர்த்தக் கரை. அலையோரம் விளையாடிய செண்பகம், நனைந்த பாவாடையோடு மாரித்தாயிடம் ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"அம்மா, தூக்கு!"

"நான் உன் அம்மா இல்ல. அங்கன நிக்கா பாரு, அவதான் உன்னைப் பெத்தவ. அவகிட்டப் போ."

பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. மறுபடியும் சேலையைப் பிடித்து இழுத்தது. "தூக்கும்மா!"

மாரித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கை ஓங்கினாள். பிஞ்சு முதுகில் பளீரென்று ஒரு அடி!

செண்பகம் முதலில் அழவில்லை. அண்ணாந்து பார்த்தது. இந்தக் கை அடிக்கும் என்று அதற்குத் தெரியாது. பிறகு உதடு பிதுங்கி, உடம்பெல்லாம் நடுங்கி, ஓவென்று அலறியது. வேலுத்தாய் ஓடி வந்து வாரி எடுத்தாள். போக்கிடம் இல்லாத பிள்ளை அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. முதல் தடவையாக!

"அடிப்பாவி!" என்று ஆவுடையம்மாள் மணலில் தடுமாறி வந்தாள். "பெத்தவளுக்கு அடிக்கக் கை வருமா? மலடி கைதானே... வந்துட்டு!"

பெத்துராஜின் முகம் சிவந்துவிட்டது. "மதினி, இனிமே எம்பிள்ளையத் தொடாதிய."

அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள் மாரித்தாய்.

அதற்குப் பிறகு அவள் பிள்ளை இருந்த பக்கம் திரும்பவில்லை. அது தயங்கித் தயங்கி வந்தால் எழுந்து போனாள். ஊர் திரும்பும்போது செண்பகம் வேலுத்தாயின் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது.

சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் மூத்த மகனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சண்முகையா கோபத்தில் அதிகம் கத்துகிறவன் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சாமி உனக்கு ஏன் பிள்ளை கொடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது."

இத்தனை வருஷத்தில் யார் யாரோ சொன்ன சொல்தான். அவன் சொன்னதில்லை... மாரித்தாய் தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாளும் விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், தூத்துக்குடிக்குக் கொண்டுபோக முறுக்கு சுட்டாள், சாம்பார்ப் பொடி அரைத்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. பேசாதது ஒருவகையில் நல்லதாகவும் இருந்தது. பேசினால் உடைந்துவிடுவாள்.

கிளம்பும் நாள் வந்தது. பஸ் நிலையத்துக்குப் போகக் குதிரை வண்டி வாசலில் நின்றது. மாரித்தாய் முறுக்குத் தூக்குவாளியோடு நடைக்கு வந்தாள்.

"நீ அங்கனயே நில்லுட்டி!" என்றாள் ஆவுடையம்மாள். "பிள்ளை கிளம்புதப்போ குறுக்க வராத."

வேலுத்தாய் வண்டிப்படியில் வைத்த காலை எடுத்தாள்.

"போதும் அத்தை!"

அவள் மாமியாரை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திகைத்துப் போனார்கள். வேலுத்தாய் பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நேரே வந்து மாரித்தாயின் காலில் விழுந்தாள்.

"அக்கா... என்னை மன்னிச்சிருங்கக்கா!"

"எந்திரி வேலு... நோவு கண்ட உடம்பு... எந்திரி தாயி."

"எந்திரிக்க மாட்டேன். அத்தை, நீங்கெல்லாம் அடிச்ச கையைத்தான் பாத்திய. பிள்ளையத் தூக்கினப்போ நான் இவிய மூஞ்சியப் பாத்தேன். அடிச்ச கையை ரத்தம் வர்ற மாதிரி கடிச்சுக்கிட்டு, சத்தம் வராம அழுதாவ. முந்தின நாள் நான்தான் நெருப்பாப் பேசிட்டேன். எனக்காகத்தான்... பிள்ளை எங்கிட்ட வரணும்னுதான் தன் உசிரைப் பிச்சு எறிஞ்சாவ! தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. சொன்னா பிள்ளை திரும்பவும் இவியகிட்டப் போயிருமோன்னு பயந்து கிடந்தேன். நான் பாவி அத்தை... இவிய இல்ல!"

ஆவுடையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெத்துராஜ் தலை குனிந்தான். சண்முகையாவின் உதடு அசைந்தது. "மாரி... நான் அன்னைக்குச் சொன்னது..." என்று தொடங்கியவன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மாரித்தாய் வேலுத்தாயைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

"நீங்களும் எங்ககூட வந்துருங்கக்கா. நாம ரெண்டு பேரும் வளப்போம்."

"வேண்டாம் தாயி. நீ கேட்டது நியாயந்தான். நான் சொல்லியிருக்கணும்... ஆசை விடல. இப்பத்தான் அது உன்கிட்டச் சேர்ந்திருக்கு. நல்லா வேர் பிடிக்கட்டும். பொறவு நானே வாரேன்."

பெத்துராஜ் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டான். செண்பகம் இரண்டடி வந்து நின்றுவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ கண்ணு. பெரியம்மாட்டப் போ" என்றாள்.

மாரித்தாய் நடையில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் கையைப் பார்த்தது. பிறகு முகத்தைப் பார்த்தது.

"பெரியம்மா... அடிப்பியா?"

"இல்ல மக்கா... இனிமே அடிக்க மாட்டேன்... என் ராசாத்தி, சாமி சத்தியமா அடிக்க மாட்டேன்..."

செண்பகம் மெல்ல வந்து அவள் மடியில் ஏறியது. மாரித்தாய் அந்த உச்சியில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான். தானே எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறியிருந்த வேலுத்தாயின் கையில் கொடுத்தாள்.

"அம்மாவ விட்டுறாத, என்ன?"

வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து, சுளகில் அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து நடந்தாள். சண்முகையா அவள் கையிலிருந்த அரிசிச் சுளகை வாங்கிக்கொண்டான்.

"இன்னைக்கு நான் உலை வைக்குதேன். நீ கொஞ்சம் படு."

அவள் தயங்கினாள். கால்கள் தயங்கவில்லை. பட்டாசாலைக் கூடத்தில் வெறுந்தரையில் சரிந்தாள். ஆவுடையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷி. மருமகளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கலைந்து கிடந்த முடியைக் கோதிவிட்டாள். அவள் கண்ணீர் சூடாக மாரித்தாயின் நெற்றியில் விழுந்தது.

"தூங்குட்டி..." என்றாள் ஆவுடையம்மாள். "ஆரும் உன்னை எழுப்ப மாட்டாவ."

மாரித்தாய் அதைக் கேட்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.